ஐஎஸ்ஐ, ஃபேர்டிரேட், கைத்தறி முத்திரை: கிறிஸ்துமஸ் பரிசில் எது எதைச் சொல்கிறது?

டிசம்பர் நெருங்கினால் பொம்மைக் கடைகளில் சோதனை, ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத சரக்கு பறிமுதல் என்று செய்தி வரும். அதே நாட்களில் இணையக் கடைகளில் 'நியாயமான பரிசு', 'இயற்கைக்கு உகந்த பரிசு', 'கைவினைஞருக்குக் கைகொடுக்கும் பரிசு' என்று விளம்பரங்களும் குவியும். வாங்குகிறவர் குழம்புவது இங்கேதான். ஐஎஸ்ஐ இருந்தால் நல்ல பொருள்தானே, அப்படியானால் தஞ்சாவூர்ப் பொம்மையில் அது ஏன் இல்லை? ஃபேர்டிரேட் சாக்லேட் என்றால் குழந்தைத் தொழிலாளர் கைபடாத சாக்லேட்டா? பட்டில் சில்க் மார்க் இருந்தால் நெய்தவருக்குக் கூலி ஒழுங்காகப் போயிற்றா?

ஒரு முத்திரை இருந்தால் மற்ற எல்லாமும் சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொள்வதுதான் குழப்பத்தின் வேர். ஒவ்வொரு முத்திரையும் ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் சொல்லவே உண்டாக்கப்பட்டது. மற்றக் கேள்விகளுக்கு அது வாய் திறப்பதில்லை.

## பிரித்துக் கேட்க வேண்டிய கேள்விகள்

1. பெறுகிறவருக்கு இதனால் கேடு உண்டா? குழந்தை வாயில் வைத்தால், பேட்டரி கழன்றால், சாயம் உரிந்தால் என்ன ஆகும்?
2. செய்தவருக்கு நியாயம் கிடைத்ததா? கூலி, வேலை நேரம், வயது மூன்றும் இதில் அடங்கும்.
3. எந்த மூலப்பொருளில் செய்தார்கள், பயன் முடிந்தபின் அது எங்கே போகும்?
4. பெறுகிறவருக்கு இது வேண்டுமா? இதை வைத்துக்கொள்ள அவரால் முடியுமா? இந்தக் கேள்விக்கு உலகில் எந்த முத்திரையும் கிடையாது.

ஐஎஸ்ஐ முதல் கேள்விக்கு உரியது. ஃபேர்டிரேட் இரண்டாவதற்கு, அதுவும் பாதிக்குத்தான். கைத்தறி முத்திரை பொருள் எப்படி நெய்யப்பட்டது என்கிறது. புவிசார் குறியீடு எந்த ஊர்ப் பொருள் என்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பரிசாகப் பார்க்கலாம். பொம்மையில் முதல் கேள்வி உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் அதற்கு அதிக இடம் தேவைப்படுகிறது.

## பொம்மையில் ஐஎஸ்ஐ: சட்டம் கேட்பது என்ன

மத்திய அரசு 2020 பிப்ரவரியில் பொம்மைகளுக்கான தரக்கட்டுப்பாட்டு ஆணையை வெளியிட்டது. அது 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கென்று விற்கப்படும் பொம்மைகள், உள்நாட்டில் செய்தவையானாலும் இறக்குமதியானாலும், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) உரிமம் பெற்று ஐஎஸ்ஐ முத்திரையுடன்தான் விற்கப்பட வேண்டும். மின்சாரமோ பேட்டரியோ இல்லாத பொம்மைக்கு ஐஎஸ் 9873 என்ற தரம், பேட்டரி போடும் பொம்மைக்கு ஐஎஸ் 15644.

முத்திரையைச் சரிபார்க்கும் முறை இது:

1. ஐஎஸ்ஐ சின்னத்தின் மேலே ஐஎஸ் எண்ணும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். சின்னம் மட்டும் தனியாக இருந்தால் அது வெறும் படம்.
2. 'பிஐஎஸ் கேர்' செயலியில் உரிமத்தைச் சரிபார்க்கும் பகுதிக்குப் போய் அந்த எண்ணைப் போடுங்கள். நிறுவனத்தின் பெயர், முகவரி, பொருள் வகை, உரிமம் நடப்பில் உள்ளதா என்பவை வரும்.
3. திரையில் வருகிற பெயரும் பெட்டியில் உள்ள தயாரிப்பாளர் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். போலிகள் மாட்டுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எண் உண்மையானதாக இருக்கும். ஆனால் வேறு யாருடையதாகவோ, வேறு ஏதோ பொருளுக்குக் கொடுத்ததாகவோ இருக்கும்.
4. பேட்டரி போடும் காரில் ஐஎஸ் 9873 மட்டும் அச்சாகி 15644 இல்லையென்றால் அந்தக் காரை வைத்துவிடுங்கள்.

'சிஇ' என்ற எழுத்துகளைக் காட்டி, 'இது ஐரோப்பியத் தரம், ஐஎஸ்ஐ தேவையில்லை' என்று சொல்லும் கடைக்காரர்கள் உண்டு. சிஇ என்பது ஐரோப்பியச் சந்தைக்கான அறிவிப்பு. பெரும்பாலான பொம்மைகளில் தயாரிப்பாளரே அதைத் தன் பொறுப்பில் போட்டுக்கொள்கிறார். இந்தியக் கடையில் விற்கும் பொம்மைக்கு அது ஐஎஸ்ஐயின் இடத்தை நிரப்பாது.

## முத்திரை இருந்தும் தவறும் இடங்கள்

ஐஎஸ்ஐ பெற்ற பொம்மையும் வயது மாறினால் ஆபத்துதான். 6 வயதுக்கான பொம்மையை 6 வயதுக் குழந்தைக்கு வாங்கிக் கொடுக்கிறோம். அது கிடப்பது வீட்டுத் தரையில், அங்கே 10 மாதத் தம்பி தவழ்கிறான். ஆகவே பரிசு பெறும் குழந்தையின் வயதைவிட, அந்த வீட்டிலேயே சின்னக் குழந்தையின் வயதைப் பார்த்து வாங்குவது நல்லது. பெட்டியில் 0-3 என்று எழுதி, முகத்தின் குறுக்கே கோடு போட்ட வட்டம் இருந்தால் 3 வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டுக்கு அது வேண்டாம். 'நம்ம பிள்ளை கெட்டிக்காரன், விளையாடுவான்' என்று அந்தக் குறியைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். அந்தக் குறி பேசுவது குழந்தையின் தொண்டை அளவைப் பற்றி.

சிறு உதிரிகள். ஆய்வகத்தில் பொம்மையின் உதிரிகளை 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளைக்குள் போட்டுப் பார்ப்பார்கள். அது உள்ளே முழுவதுமாக அடங்கினால் 3 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆகாது. வீட்டில் ஒரு தடித்த அட்டையை 3.2 சென்டிமீட்டர் அகலக் குழலாகச் சுருட்டி ஒட்டினால் ஓரளவுக்கு அதே சோதனையைச் செய்யலாம். உருண்டையான பொருளுக்கு இது போதாது. பந்து வழுக்கிக்கொண்டு போய்க் காற்றுவழியை முழுக்க அடைத்துவிடும் என்பதால் 4.5 சென்டிமீட்டருக்குக் குறைந்த விட்டமுள்ள பந்தும் கோலிக்குண்டும் அந்த வயதுக்கு ஆகாது. துணிப் பொம்மை என்றால் கண், மூக்கு, பொத்தான் ஒவ்வொன்றையும் கடையிலேயே இழுத்துப் பாருங்கள். தைத்த கண் நல்லது. ஒட்டிய கண் இரண்டு முறை துவைத்தால் கையோடு வந்துவிடும்.

பொத்தான் பேட்டரி. நாணயம் போலிருக்கும் லித்தியம் பேட்டரி, குறிப்பாக 20 மில்லிமீட்டர் அகலமுள்ளது, குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும் அளவில் இருக்கிறது. ஈரமான திசு பட்டவுடன் மின்னோட்டம் தொடங்குகிறது. பேட்டரியின் எதிர்மின் முனை தொடும் இடத்தில் கடுமையான காரம் உண்டாகி, இரண்டு மணி நேரத்துக்குள் திசுவைப் பொசுக்கிவிடக்கூடும். பொம்மையை ஓட்ட வலுவில்லாத பழைய பேட்டரியிலும் இதற்குப் போதுமான மின்னழுத்தம் மிச்சமிருக்கும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்கவைக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். 'காலையில் வெளியே வந்துவிடும்' என்று காத்திருக்கும் வேலையே கூடாது.

முறையான பொம்மையில் பேட்டரி மூடி திருப்புளி இல்லாமல் திறக்காது. ஆனால் கிறிஸ்துமஸ் நேரத்தில் இந்தப் பேட்டரி பொம்மையைவிட அதிகமாக வீட்டுக்குள் வருவது வேறு வழியில்: திறந்தால் பாடும் வாழ்த்து அட்டை, மினுக்கும் தாத்தா தொப்பி, குடிலுக்குள் வைக்கும் எல்இடி மெழுகுவத்தி. அலங்காரப் பொருள் என்று விற்பதால் இவை பொம்மைக்கான விதிக்குள் வராமலே போகலாம். மூடியை நகத்தால் திறக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் குழந்தையாலும் முடியும்.

காந்தம். வலுவான சிறு காந்த உருண்டைகளைப் பெரியவர்களின் மேசைப் பொழுதுபோக்காகவும் விற்கிறார்கள். ஒன்றை விழுங்கினால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். இரண்டை வெவ்வேறு நேரத்தில் விழுங்கினால், குடலின் இரண்டு மடிப்புகளில் இருந்துகொண்டு ஒன்றையொன்று இழுக்கும்; இடையில் அகப்பட்ட குடல் சுவர் ஓட்டையாகிவிடும். குழந்தை இருக்கும் வீட்டுக்கு இது எந்த வயதினருக்கான பரிசாகவும் போகக் கூடாது.

கயிறும் பலூனும். தவழும் குழந்தையின் இழுப்பு வண்டிக் கயிறு 22 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் கழுத்தில் சுற்றும். ஊதாத பலூனும் வெடித்த பலூனின் துண்டும் தொண்டையில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது மிகக் கடினம்.

## கைவினைப் பொம்மைக்கு ஏன் விலக்கு

மேற்சொன்ன ஆணை வந்தபோது சின்னக் கைவினைஞர்கள் உரிமக் கட்டணமும் ஆய்வகச் செலவும் தாங்க முடியாமல் தொழிலை விட வேண்டிவரும் என்ற கவலை எழுந்தது. 2020 டிசம்பரில் ஆணை திருத்தப்பட்டது. கைவினைப் பொருள் மேம்பாட்டு ஆணையரகத்தில் பதிவுபெற்ற கைவினைஞர் செய்து விற்பவைக்கும், புவிசார் குறியீட்டின்கீழ் அங்கீகாரம் பெற்றவர் விற்பவைக்கும் ஐஎஸ்ஐ கட்டாயமில்லை. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையில் ஐஎஸ்ஐ இல்லாததற்குக் காரணம் இதுதான். அது சட்டத்துக்குப் புறம்பான பொருள் இல்லை.

அதற்காக அது ஆய்வகத்தில் சோதித்த பொருள் என்றும் ஆகிவிடாது. தலையாட்டிப் பொம்மை காகிதக் கூழில் செய்து சாயம் பூசியது. கடித்தால் கரையும், சாயம் வரும். அதை அலமாரியில் வைக்கக் கொடுங்கள், தொட்டிலில் போடக் கொடுக்காதீர்கள்.

வாயில் வைக்கும் வயதுக்கு மரத்தில் கடைந்த பொம்மை பொருத்தம். பெங்களூரு–மைசூரு சாலையில் உள்ள சென்னப்பட்டணத்தில் வெட்பாலை மரத்தைக் கடைந்து, சுழலும்போதே அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகி மரத்தின்மேல் படியும். பிறகு காய்ந்த தாழை ஓலையை வைத்துத் தேய்த்துப் பளபளப்பேற்றுவார்கள். அரக்கும் தாவரச் சாயமும் மட்டும் சேர்ந்தால் கவலையில்லை. ஆனால் வேலை சீக்கிரம் முடியவும் நிறம் பளிச்சென்று தெரியவும் ரசாயனச் சாயம் சேர்ப்பவர்களும் அங்கே உண்டு, ஆகவே என்ன சாயம் என்று கேட்டு வாங்க வேண்டும். ஈரத் துணியால் அழுந்தத் துடைத்தால் நிறம் ஏறக் கூடாது. அம்பாசமுத்திரத்து மரச் செப்புச் சாமானுக்கும் இதே சோதனை பொருந்தும். செப்புக் கிண்ணங்களில் சில 3 சென்டிமீட்டருக்கும் சின்னவை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 3 வயது தாண்டிய பிள்ளைக்கு அதைவிட நல்ல பரிசு குறைவு.

புவிசார் குறியீடு என்றால் கைவினைஞருக்கு நல்ல விலை போயிற்று என்று பொருளில்லை. ஊர்ப் பெயரை வேறு ஊர்க்காரர் பயன்படுத்தாமல் அது காக்கும், அவ்வளவுதான். பணம் நேரே போய்ச் சேர வேண்டும் என்று நினைப்பவர் பூம்புகார் போன்ற அரசு விற்பனை நிலையத்திலோ, கைவினைஞரின் கூட்டுறவுச் சங்கத்திலோ, பட்டறையிலோ வாங்கலாம். பட்டறையில் பேரம் பேசாமல் வாங்குவதும் இந்தக் கணக்கில் சேரும்.

## சாக்லேட்: இனிப்புக்குப் பின்னால்

உலகின் கோகோவில் பாதிக்கு மேல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டு நாடுகளிலிருந்து வருகிறது. அங்கே கோகோ பெரிய தோட்டப் பயிரில்லை; சில ஹெக்டேர் நிலமுள்ள குடும்பங்கள் வளர்ப்பது. விலை குறைந்தால் கூலியாள் வைக்க முடியாது, அந்த இடத்தில் பிள்ளைகள் இறங்குகிறார்கள். வெட்டுக்கத்தியால் காயைப் பிளப்பது, பூச்சிமருந்து அடிப்பது, மூட்டை தூக்குவது எல்லாம் அபாயமான வேலைகள். அமெரிக்காவில் 2001இல் சாக்லேட் நிறுவனங்கள் கையெழுத்திட்ட ஹார்கின்–எங்கல் உடன்பாடு, 2005க்குள் குழந்தைத் தொழிலின் மிக மோசமான வடிவங்களை ஒழிப்பது பற்றிப் பேசியது. கெடு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. 2020இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் நார்க் ஆய்வு மையம் வெளியிட்ட கணக்கில், இந்த இரண்டு நாடுகளின் கோகோ வட்டாரங்களில் மட்டும் சுமார் 15.6 லட்சம் குழந்தைகள் கோகோ வேலையில் இருந்தார்கள்.

2024இல் உலகச் சந்தையில் கோகோ விலை டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. விவசாயிக்கு நல்ல காலம் என்று தோன்றும். ஆனால் அந்த இரு நாடுகளிலும் விவசாயிக்கான விலையை அரசு பருவத்தின் தொடக்கத்திலேயே நிர்ணயிக்கிறது, அதனால் சந்தை ஏற்றத்தில் பெரும்பகுதி அவர் கைக்கு வரவில்லை. நுகர்வோர் பக்கத்தில் வேறொன்று நடந்தது: கோகோ வெண்ணெயைக் குறைத்துத் தாவரக் கொழுப்பைக் கூட்டும் வழியைத் தயாரிப்பாளர்கள் தேடினார்கள்.

இப்போது ஃபேர்டிரேட் முத்திரை. அது விவசாயிகள் கூட்டுறவுக்குக் குறைந்தபட்ச விலையை உறுதி செய்கிறது. அதற்கு மேல் டன்னுக்கு 240 டாலர் கூடுதல் தொகை கொடுக்கிறது. குழந்தைத் தொழிலைத் தடைசெய்கிறது, தணிக்கையும் உண்டு. ஆனால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். முதலாவது, தணிக்கை எல்லாப் பண்ணைக்கும் எல்லா நாளும் போவதில்லை. ஆகவே அந்த முத்திரையால் ஆபத்து குறைகிறது, முற்றாக நீங்கிவிடுவதில்லை. இரண்டாவது, கோகோவில் 'அளவுச் சமன்' என்ற முறைக்கு அனுமதி உண்டு. ஆலை 10 டன் ஃபேர்டிரேட் கோகோ வாங்கினால் 10 டன்னுக்குரிய பொருளில் முத்திரை போடலாம். அரைக்கும்போது அது மற்ற கோகோவோடு கலந்துவிட்டிருக்கும். விவசாயிக்குப் பணம் போயிருக்கும், உங்கள் கையிலிருக்கும் கட்டியில் அவர் கோகோ இருக்கிறதா என்பது தெரியாது. முத்திரைக்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறி இருந்தால் பின்பக்கத்தைப் படியுங்கள் என்று அர்த்தம். விவரம் அங்கே இருக்கும்.

நம் ஊரில் இன்னொரு வழியும் இருக்கிறது. பொள்ளாச்சி வட்டாரத்தில் தென்னைக்கு ஊடுபயிராகக் கோகோ விளைகிறது; கேரளத்திலும் ஆந்திரத்திலும் உண்டு. கோகோ விதையை வாங்கித் தாங்களே வறுத்து அரைத்துக் கட்டியாக்கும் சிறு தயாரிப்பாளர்கள் எந்தத் தோட்டத்து விதை என்று உறையிலேயே போடுகிறார்கள். இந்தியக் கோகோ என்பதால் மட்டும் நியாயம் வந்துவிடாது. தோட்டத்திலிருந்து கடைவரை உள்ள சங்கிலி குட்டை என்பதால் கேட்டால் பதில் சொல்ல ஆள் இருப்பார், அதுதான் ஆதாயம்.

ஊட்டி, கொடைக்கானல் 'ஹோம் மேட் சாக்லேட்' பற்றியும் ஒரு வார்த்தை. பல கடைகளில் அது ஆலையில் செய்த காம்பவுண்ட் கட்டியை உருக்கி அச்சில் ஊற்றியது. பொருள் பட்டியலைப் பாருங்கள். அளவில் அதிகமுள்ளது முதலில் வரும். சர்க்கரைக்கு அடுத்து ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு என்றிருந்தால் காம்பவுண்ட். கோகோ வெண்ணெய் என்றிருந்தால் சாக்லேட். பட்டியலே இல்லாமல் எடைபோட்டு விற்றால் ஒரு துண்டை விரல் நடுவே பிடித்துப் பாருங்கள்: கோகோ வெண்ணெய் உடல் சூட்டிலேயே உருகத் தொடங்கும், காம்பவுண்ட் மெழுகுபோல் நிற்கும்.

## புத்தாடை, பட்டு, ஒப்பனைப் பெட்டி

கிறிஸ்துமஸுக்குப் புத்தாடை இல்லாத வீடு தமிழ்நாட்டில் குறைவு. ஜவுளியில் முத்திரைகளின் எல்லை இன்னும் தெளிவாகத் தெரியும்.

1. ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100: துணியில் தீங்கான ரசாயனம் வரம்புக்குள் இருக்கிறது என்கிறது. தைத்தவரின் கூலியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. கைக்குழந்தையின் உடைக்கு இது பயன்படும்.
2. காட்ஸ் (இயற்கை வேளாண் ஜவுளிக்கான உலகத் தரம்): இயற்கை வேளாண் பஞ்சு, சாயக்கழிவு, தொழிலாளர் நிலை மூன்றையும் தொடுகிறது. 'ஆர்கானிக்' என்று போட 95 விழுக்காடு இயற்கை வேளாண் இழை வேண்டும்.
3. கைத்தறி முத்திரை, 2006இல் வந்தது: விசைத்தறியில் நெய்யாதது என்பதற்கு உறுதி.
4. சில்க் மார்க், 2004இல் வந்தது: இழை தூய பட்டு என்கிறது. கைத்தறியா விசைத்தறியா என்று சொல்லாது; சரிகை அசலா என்றும் சொல்லாது.

தமிழ்நாட்டில் இந்த இடைவெளி ஏன் முக்கியம் என்பதற்கு நூற்பாலைகளில் இருந்த 'சுமங்கலித் திட்டம்' சான்று. கிராமத்து இளம்பெண்களை மூன்று ஆண்டு விடுதியில் வைத்து வேலை வாங்கி, முடிவில் திருமணச் செலவுக்கென்று மொத்தத் தொகை தருவதாகச் சொன்ன முறை அது. இடையில் உடம்பு முடியாமல் வெளியேறியவர்களுக்கு அந்தத் தொகை கிடைக்காமல் போனது. அந்த ஆலையில் நூற்ற நூலில் தைத்த சட்டையும் ரசாயனச் சோதனையில் தேறிவிடும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் சரக்கை விற்கும் கோ-ஆப்டெக்ஸ், 1935 முதல் இருப்பது, இந்த விஷயத்தில் எளிய வழி. போர்வை, துண்டு, லுங்கி என்று குறைந்த விலைப் பரிசும் அங்கே கிடைக்கும். பட்டுப்புழுவைக் கூட்டோடு வேகவைப்பது பிடிக்காதவருக்குப் பட்டே வேண்டாம். அல்லது அந்துப்பூச்சி வெளியேறியபின் நூற்கும் 'அகிம்சைப் பட்டு' என்று கேட்டு வாங்கலாம்; அது நூற்ற நூல் என்பதால் வழக்கமான பட்டின் மினுமினுப்பு வராது.

ஒப்பனைப் பெட்டி கொடுக்கிறவர்கள் பொருள் பட்டியலில் 'மைக்கா' இருக்கிறதா என்று பாருங்கள். மினுக்கத்துக்காகச் சேர்க்கும் இந்தக் காக்காப்பொன் ஜார்க்கண்ட், பிகார் காடுகளில் உரிமமில்லாத குழிகளிலிருந்தும் வருகிறது, அங்கே குழந்தைகள் பொறுக்குகிறார்கள். 'சிந்தெட்டிக் ஃப்ளூர்ஃப்ளோகோபைட்' என்று வாயில் நுழையாத பெயர் இருந்தால் அது ஆலையில் செய்த மைக்கா. ரசாயனப் பெயரைக் கண்டு பயப்பட வேண்டாத அபூர்வமான இடம் இது.

## உயிருள்ள பரிசு

நாய்க்குட்டியைப் பெட்டியில் வைத்து நாடாக் கட்டிக் கொடுப்பது காணொளியில் அழகு. அது பத்துப் பதினைந்து ஆண்டு உணவு, தடுப்பூசி, நடை. பெறுகிறவர் தாமே கேட்டு, தாமே போய்த் தேர்ந்தெடுக்காவிட்டால் கொடுக்க வேண்டாம். பச்சைக்கிளியும் நட்சத்திர ஆமையும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இன்படி வீட்டில் வைத்திருப்பதே குற்றம். சந்தையில் வெளிப்படையாக விற்கிறார்கள் என்பது அதை மாற்றாது.

## குழந்தைகள் இல்லத்துக்குப் போகும்போது

டிசம்பர் கடைசி வாரத்தில் ஒரே இல்லத்துக்கு நாலு கூட்டம் கேக்கோடு வரும்; பிப்ரவரியில் சோப்புக்கு ஆள் இருக்காது. போகுமுன் தொலைபேசியில் கேட்டு அவர்கள் சொல்லும் பட்டியலையே வாங்குங்கள். சானிட்டரி நாப்கின், உள்ளாடை அளவுவாரியாக, ஜியாமெட்ரி பாக்ஸ், பல்துலக்கி என்று யாரும் கொண்டுவராத பொருள்களே அதில் பெரும்பாலும் இருக்கும். இல்லம் இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 41ஆம் பிரிவில் பதிவு பெற்றதா என்றும் கேளுங்கள்.

பரிசு கொடுக்கும்போது படமெடுத்துப் போடுவதில் சட்டச் சிக்கல் இருக்கிறது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையை அடையாளம் காட்டும் பெயரையோ படத்தையோ வெளியிடுவதை அதே சட்டத்தின் 74ஆம் பிரிவு தடைசெய்கிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். செய்தித்தாளுக்கு மட்டுமான விதி இல்லை இது. பிற தகவல் தொடர்பு வடிவங்களும் அதில் அடங்கும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் அதற்குள் வராது என்று நம்பி இருக்க வேண்டாம்.

ஒருவர் பெயரில் நன்கொடை கொடுப்பதையும் பரிசாகக் கருதலாம், அவர் விரும்புவார் என்று தெரிந்தால். நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை வேண்டுமென்றால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது, நிறுவனத்திடம் நன்கொடைச் சான்று வாங்க வேண்டும், பழைய வரிமுறையில் இருக்க வேண்டும். நன்கொடை உங்கள் பெயரில் போனால் சலுகையும் உங்களுக்குத்தான். பரிசாகப் பெற்றவருக்கு வாழ்த்து அட்டை மட்டுமே மிஞ்சும். அந்த அட்டை எட்டு வயதுப் பிள்ளைக்குப் போய்ச் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

## பெரியவர்களுக்கு: நான்காவது கேள்வி

மொய் நோட்டு எழுதிப் பழகிய சமூகத்தில் பரிசு திரும்பிப் போக வேண்டிய கடன். 5,000 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தால் அடுத்த ஆண்டு அவர் வீட்டில் 5,000 ரூபாய்க்கு ஒரு கவலை முளைக்கும். கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் நடக்கும் கிறிஸ் மாம்–கிறிஸ் சைல்ட் விளையாட்டில் உச்சவரம்பு வைப்பது இதற்காகத்தான். அந்த வரம்பைக் குழுவில் குறைந்த சம்பளம் வாங்குபவர் தயங்காமல் தரக்கூடிய அளவில் வையுங்கள், சேராமல் இருக்கவும் வழி வையுங்கள்.

வீட்டு வேலைக்கு வருபவருக்குப் பரிசு என்றால் பணம். ஒரு மாதச் சம்பளம் ஊக்கத்தொகையாக, பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பே, விடுமுறையோடு. கேக் துண்டும் நாம் கட்டிச் சலித்த புடவையும் அதற்கு ஈடாகாது, கூடவே கொடுக்கலாம்.

வயதான பெற்றோருக்கு ரத்த அழுத்தக் கருவி போன்றவற்றை வாங்கும்போது மணிக்கட்டுக் கருவியைவிட மேற்கைப் பட்டை உள்ளது நம்பகமானது. பட்டையின் அளவு கைச் சுற்றளவுக்குப் பொருந்தாவிட்டால் எண் தவறாக வரும், ஆகவே மேற்கையை டேப்பால் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். பொருளே வேண்டாம் என்பவர்களுக்கு வேலையைப் பரிசாகக் கொடுக்கலாம்: பழைய தையல் இயந்திரத்தைப் பழுதுபார்த்துத் தருவது, பெட்டியில் கிடக்கும் குடும்பப் படங்களை ஸ்கேன் செய்து பெயரும் ஆண்டும் எழுதிக் கொடுப்பது, மாதம் ஒருமுறை கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போவதாகத் தேதி குறித்துத் தருவது. தேதி குறிக்காத வாக்குறுதி நிறைவேறுவதில்லை.

## உறையும் பையும்

பளபளப்பான பரிசுத்தாளைக் கையில் கசக்குங்கள். கசங்கியபடியே இருந்தால் காகிதம், மறுசுழற்சிக்குப் போகும். விரிந்து பழையபடி வந்தால் பிளாஸ்டிக் படலம் சேர்ந்தது. பழைய பேப்பர்காரரும் எடுக்க மாட்டார். மினுக்குத் தூள் ஒட்டிய தாளும் அப்படியே. துணிபோலத் தோன்றும் நெய்யாத பை பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்ட ஒருமுறைப் பயன்பாட்டுப் பொருள்களில் அதுவும் ஒன்று, 'துணிப்பை' என்று கடைக்காரர் நீட்டினாலும். பரிசை ஒரு நல்ல துண்டிலோ சட்டைத்துணியிலோ சுற்றினால் உறையும் பரிசாகிவிடும்.

## முத்திரை பொய் என்று தெரிந்தால்

1. ரசீது, பெட்டியின் ஆறு பக்கமும், முத்திரையின் அருகாமைப் படம் ஆகியவற்றை எடுத்துவையுங்கள். பெட்டியைத் தூக்கிப்போட்டுவிட்டால் புகாருக்குப் பிடிமானம் போய்விடும்.
2. பொம்மையின் ஐஎஸ்ஐ போலி என்றால் பிஐஎஸ் கேர் செயலியிலேயே புகார் கொடுக்கலாம்.
3. உள்ளே வந்த பொருள் விளம்பரத்தில் சொன்னதாக இல்லை, தயாரிப்பு நாடு குறிப்பிடவில்லை, பணம் திருப்பித் தர மறுக்கிறார்கள் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.
4. பட்டறையிலோ கடையிலோ குழந்தை வேலை செய்வதைக் கண்டால் 1098. பெயர் சொல்லாமலும் தகவல் தரலாம்.
5. இணையத்தில் வாங்கியிருந்தால் திருப்பி அனுப்பும் கெடுவுக்குள் உறையைப் பிரித்துப் பாருங்கள். 25ஆம் தேதி பிரிக்கட்டும் என்று மரத்தடியில் வைத்த பெட்டிக்குப் பல நேரம் கெடு அதற்குள் முடிந்துவிடுகிறது. நீங்களே ஒருமுறை பிரித்து, பேட்டரி மூடியையும் உரிம எண்ணையும் பார்த்து, மறுபடி சுற்றி வையுங்கள்.